குண்டு ள போடாத கொல்லை

அந்த வாசலை எடுத்துவிடு, இல்லையென்றால் உன்னை எடுத்துவிடுவோம் என்று என்னிடம் சொன்னார்கள். இவ்வளவு நேராகச் சொல்லவில்லை. கம்பெனிக்காரர்கள் எதைத்தான் நேராகச் சொல்லியிருக்கிறார்கள். ‘டிசைனைக் கொஞ்சம் சுலபமாக்குவோம்’ என்றார்கள். அப்புறம் ஒரு நாள், ‘உங்கள் திறமைக்குச் சென்னை ஆபீஸ்தான் சரியான இடம்’ என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. எடுக்க மாட்டேன், போகவும் மாட்டேன் என்று நான் மட்டும்தான் நேராகச் சொன்னேன்.

வாசல் என்றால் நிலையும் கதவும் வைத்த வாசல் இல்லை. நான் வேலை பார்ப்பது புதுச்சேரி நூறடி ரோட்டில், ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமின் மேல்மாடியில். கீழே புது வண்டியின் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். மேலே நாங்கள் வெளிநாட்டு செல்போன் கம்பெனிகளின் நெட்வொர்க்குக்கு மென்பொருள் கட்டுவோம். முன்பெல்லாம் ஒரு செல்போன் நெட்வொர்க்கின் மூளை அதற்கென்றே செய்த பெரிய பெரிய இயந்திரங்களுக்குள் இருந்தது. இப்போது அது வெறும் மென்பொருள். அதைத் துண்டு துண்டாக வெட்டி, கன்டெய்னர் என்கிற சின்னப் பெட்டிகளில் போட்டு, சாதாரணக் கம்ப்யூட்டர்களில் ஓட்டுகிறார்கள். எந்தப் பெட்டி எந்தக் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும், எது படுத்துவிட்டது, அதற்குப் பதில் எதை எழுப்ப வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் உண்டு. அதை நாங்கள் மேஸ்திரி என்போம்.

மேஸ்திரி கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் பிறந்தது இணையதளங்களுக்காக. அவருடைய சட்டப்படி ஒரு பெட்டிக்கு ஒரே வாசல். பெட்டி செத்து மறுபடி பிறந்தால் வீட்டு விலாசமும் மாறிவிடும். இணையதளத்துக்கு அது போதும். ஹோட்டலில் தோசை கொண்டுவந்து வைப்பவர் நேற்று வந்த அதே ஆளா என்று யாரும் பார்ப்பதில்லை. செல்போன் டவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. தான் யாரோடு பேசுகிறோம் என்பதில் அது கறார். மூளையைப் பார்த்துச் சதா ‘இருக்கியா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ‘இருக்கேன்’ என்று பதில் வர வேண்டும். தொடர்ந்து சில தடவை பதில் வரவில்லை என்றால், செத்துவிட்டது என்று முடிவு செய்து தொடர்பை அறுத்துவிடும். அந்த டவருக்குக் கீழே இருக்கிற அத்தனை போனிலும் சிக்னல் போய்விடும்.

எங்கள் சோதனைக் கூடத்தில் அதுதான் நடந்தது. போலி டவர்களையும் போலி ஜனங்களையும் வைத்து ஓட்டிப் பார்த்தோம். ஆள் குறைவாக இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஊரே வீடியோ பார்க்கிற மாதிரி பாரத்தை ஏற்றியதும், அந்தப் பாரம் முழுவதும் ஒற்றை வாசலில் போய் அடைத்துக்கொண்டது. ‘இருக்கியா?’ என்ற கேள்வி கூட்டத்துக்குப் பின்னால் நின்றது. பதில் போய்ச் சேர்வதற்குள் டவர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன.

என்னோடு இந்த வேலையில் இருந்தவர் தவளக்குப்பத்திலிருந்து வருகிற ஓர் அண்ணன். என்னைவிட மூத்தவர். வீட்டில் இன்னமும் நெல் போடுகிறார்கள். அறுப்பு நாளில் லீவு கேட்கும்போது மட்டும் ‘குடும்ப விசேஷம்’ என்று எழுதுவார். திரையில் டவர்கள் சிவப்பாக மாறுவதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கல்யாண வூட்டு வாசல்லயே லாரிய வுட்டு மணல் எறக்குனா இன்னாம்மா ஆவும்?” என்றார்.

“எங்க வூட்ல சிலிண்டரு கொல்லை வழியாத்தாண்ணா வரும்” என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை, வாயில் வந்தது. அண்ணன் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீடு அகலம் குறைந்து நீளமாகப் போகும். முன்வாசல் தெருவில், கொல்லை வாசல் சந்தில். அப்பா ஆலையில் வேலை பார்த்த காலத்திலேயே அப்படித்தான், பஞ்சு ஒட்டின உடம்போடு சந்து வழியாக வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இப்போதும் சிலிண்டர், அரிசி மூட்டை, தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற அக்கா எல்லாம் கொல்லை வழிதான். சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் முன்வாசலில் வந்து மணி அடித்ததில்லை. மணி அடிப்பவர்கள் ஓட்டுக் கேட்பவர்களும் கூரியர்காரரும்தான். பின்வாசலில் ஆளை நிற்கவைத்து அவமானப்படுத்துகிற வீடுகள் இந்த ஊரில் இருந்தன, எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கொல்லை என்றால் பாரமும் வரும், உரிமையுள்ளவர்களும் வருவார்கள்.

அதையே பெட்டிக்கும் செய்தோம். மேஸ்திரி தருகிற வாசல் அப்படியே இருக்கட்டும், ‘இருக்கியா, இருக்கேன்’ எல்லாம் அதில் போகட்டும். ஜனங்களின் வீடியோவும் மற்ற பாரமும் போக, பெட்டிக்குப் பின்பக்கம் இரண்டாவது வாசல் ஒன்று திறந்தோம். இப்படித் திறக்க வழி உண்டு, உலகத்தில் பலரும் செய்கிறார்கள், நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பெட்டி எத்தனை தடவை செத்துப் பிறந்தாலும் இரண்டு வாசலுக்கும் விலாசம் மாறாதபடி செய்ததும், எங்கள் மென்பொருளுக்குள் இதையெல்லாம் உட்காரவைத்ததும்தான் எங்கள் வேலை. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். நான் ஆங்கில எழுத்தில் கொல்லை என்று தட்டினேன்.

அண்ணன் சிரித்தார். “எங்க ஊர்ல கொல்லன்னா நெலம். ‘கொல்லைக்குப் போறேன்’னு சொன்னா அது வேற சமாச்சாரம். நீ எந்தக் கொல்லைய வெச்சிருக்க?”

“சிலிண்டர் வர்ற கொல்லைண்ணா.”

பெயர் நின்றுவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவு மேலாளர் சென்னையில் இருக்கிறார். எந்த டிசைனும் அவர் கண்ணில் பட்டுத்தான் வெளியே போக வேண்டும். எங்கள் டிசைனை அவருக்குக் காட்டிய காணொளிக் கூட்டத்தில் பெங்களூர்க்காரர்களும் வடக்கத்திக்காரர்களும் இருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷில் போய்க்கொண்டிருந்தது. என் டிசைன் திரையில் வந்ததும் மேலாளர் நிறுத்திவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

“என்ன மேடம் இது, கொள்ளைன்னு பேர் வெச்சிருக்கீங்க? கஸ்டமர் டேட்டா போற வழிக்குக் கொள்ளையா?”

ஆங்கில எழுத்துக்கு ல-வும் தெரியாது, ள-வும் தெரியாது. எனக்கு அது தோன்றவே இல்லை. என் கண்ணுக்கு அது கொல்லையாகத்தான் தெரிந்தது. அவர் கண்ணுக்குத் திருட்டு தெரிந்தது. அவருடைய உத்தியோகம் அப்படி.

“கொள்ளை இல்ல சார், கொல்லை. குண்டு ள இல்ல.”

“எனக்கு ரெண்டும் ஒரே ஸ்பெல்லிங்காத்தான் தெரியுது.”

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாத ஒருவர், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இங்கிலீஷில் கேட்டார். நானும் இங்கிலீஷிலேயே சொன்னேன்: பேக்டோர்.

மேலாளர் பேனாவை எடுத்தார். கம்ப்யூட்டர் தொழிலில் பேக்டோர் என்றால் திருடன் வந்து போகத் தெரிந்தே திறந்து வைத்த ரகசிய வழி. விமான நிலையத்தில் பையைச் சோதிப்பவரிடம் போய் உள்ளே வெடிகுண்டு இருக்கிறது என்று சொல்வதும், பாதுகாப்புக் கூட்டத்தில் பேக்டோர் என்று சொல்வதும் ஒன்றுதான். எனக்கு அந்த அர்த்தம் தெரியாமல் இல்லை. அந்த நொடியில் என் கண்முன் நின்றது எங்கள் சந்து. வேறு எந்தக் கதவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

தமிழில் யோசித்துவிட்டு இங்கிலீஷில் பேசினால் இப்படித்தான் ஆகும் என்று ஒருவர் அறிவுரை சொன்னார். தமிழில் யோசித்ததால்தான் அந்த வாசலே கிடைத்தது என்று அவருக்குப் பதில் சொன்னேன். அவர் மைக்கை அணைத்துக்கொண்டார். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

பெயரில் ஆரம்பித்த சந்தேகம் வாசலில் வந்து நின்றது. ஒரு பெட்டிக்கு ஒரே வாசல் என்பதுதான் மேஸ்திரியின் விதி, எங்கள் காவல் கருவிகள் அந்த ஒன்றைத்தான் கவனிக்கின்றன, இரண்டாவதை எடுத்துவிடுங்கள் என்று மேலாளர் தீர்ப்புச் சொன்னார். காவல் பற்றி அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் நான் முதலிலேயே கொல்லைக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். யார் யார் அந்த வழியில் வரலாம் என்று எழுதிவைத்து, மற்ற எதுவும் நுழைய முடியாதபடி அடைத்திருந்தேன். அதைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

“எங்க வீட்ல ஒரே ஒரு தடவதான் சார் திருட்டுப் போச்சு. திருடன் முன்வாசல்லதான் வந்தான். சார்ஜ்ல இருந்த போன எடுத்துக்கிட்டு நடந்து போயிட்டான்.”

அவர் சிரிக்கவில்லை. ஒற்றை வாசல் டிசைனுக்குச் சோதனை முடிந்தது, சரியாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். சோதனைக்குப் பொறுப்பு நான்தான், என் கையெழுத்து இல்லாமல் அது நகராது. போட மாட்டேன் என்றேன். அதற்கு அடுத்த வாரம்தான் என் திறமைக்குச் சென்னை ஆபீஸ் பொருத்தமாக இருக்கும் என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். அங்கே எனக்காக ஒதுக்கிய வேலை, வேறு யாரோ எழுதிய அறிக்கைகளைச் சரிபார்ப்பது.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் பொய் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள், கதிர்காமம் ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குப் போய் வருகிறாள், என்னைவிட வேகமாக நடப்பாள். எனக்கு என் ஊரில் இருந்து வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு நோயோ சாவோ காரணமாக எதற்கு வேண்டும்? ‘எனக்கு விருப்பமில்லை’ என்று எழுதி அனுப்பினேன். அப்படி ஒரு பதில் அவர்களுக்கு அதுவரை வந்ததே இல்லை போலிருக்கிறது.

அம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். வாசல், பெட்டி எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. பெயர் பிடிபட்டது.

“கொல்லைன்னு பேர் வெச்சா இன்னாடி கேவலம்? அவன் வூட்ல குப்பைய முன்வாசல்ல வெச்சா கொட்டுறான்?”

“விஷயம் பேர் இல்லம்மா.”

“பேர் இல்லாம இன்னா? அதுலதான ஆரம்பிச்சான்.”

தவளக்குப்பத்து அண்ணன்தான் என்னை உண்மையாகச் சோதித்தார். அவருக்கும் மேலிருந்து போன் போயிருக்க வேண்டும். டீக்கடையில் நின்றபோது மெதுவாக ஆரம்பித்தார்.

“வாசல எடுத்துட்டு கையெழுத்தப் போட்டுரும்மா. நாளைக்கி ஒடஞ்சா அவங்க பாடு. நமக்கின்னா?”

எனக்குக் கோபம் வந்தது. மேலாளர் மேல் வந்ததைவிட அவர் மேல் அதிகமாக வந்தது.

“அவங்க பாடு இல்லண்ணா. ஊரே போன கையில வெச்சிருக்கிற நேரத்துலதான் டவர் கழலும். மழையோ தீயோ, என்னாவோ நடந்திருக்கும். அப்ப எவளோ ஒருத்தி ஆம்புலன்ஸுக்கு அடிச்சிட்டு இருப்பா. ரிங்கே போகாது. எங்கம்மா வேல செய்ற ஆஸ்பத்திரி மாதிரி ஒரு ஆஸ்பத்திரியில எவளோ ஒருத்தி ஸ்ட்ரெச்சர எடுத்துட்டு வந்து நிப்பா. யாரும் வர மாட்டாங்க. அதுக்கா நான் கையெழுத்துப் போடணும்?”

கத்தித்தான் சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.  சாயங்காலம் ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது என் மேஜைப் பக்கம் வந்தார்.

“ரெண்டையும் ஓட்டிக் காட்டலாம். ஒத்த வாசலு மொதல்ல. அவங்க எதுருலயே” என்றார்.

இந்த மென்பொருளை வாங்கப்போகிற வெளிநாட்டுச் செல்போன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பொறியாளர் சோதனையைப் பார்க்கக் காணொளியில் வருவதாக இருந்தது. அந்த நாளையே கேட்டு வாங்கினோம். மேலாளர் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் காரில் வந்து நேரிலேயே இறங்கினார். கீழே ஷோரூமில் யாரோ புது வண்டிக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்ததால் மாடிப்படிவரை கற்பூர வாசனை. அவருக்கு ஷோரூம்காரர்கள் சுண்டல் கொடுத்திருந்தார்கள், பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார்.

முதலில் அவருடைய ஒற்றை வாசல். போலி டவர்கள் வரிசையாகப் பச்சையில் நின்றன. ‘இருக்கியா, இருக்கேன்’ சீராகப் போய்க்கொண்டிருந்தது. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம், பச்சை அப்படியே இருந்தது. மேலாளர் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தார். எனக்குப் பயம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். சோதனைக் கூடத்தில் விழுந்தது ஆட்கள் முன்னால் விழாமல் போனால் என் கதை அன்றோடு முடிந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். “பொங்கலு கூட்டத்த உட்டுரட்டா?”

“விடுங்கண்ணா.”

பொங்கல் கூட்டம் என்று நாங்கள் சொல்வது, ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுக்கிற பாரம். விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு டவர் சிவந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கழன்ற டவர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்ப உள்ளே வரப் பார்த்து, அந்த நெரிசலும் அதே வாசலில் சேர்ந்துகொண்டது. திரை முழுவதும் சிவப்பு. பொங்கல் கூட்டத்தில் ஒருவராலும் ஒருவரையும் கூப்பிட முடியவில்லை.

“லோடு அதிகமா வெச்சிருக்கீங்க” என்றார் மேலாளர்.

“பொங்கலுக்கு அதிகமாத்தான் சார் இருக்கும்.”

அடுத்தது எங்கள் இரட்டை வாசல். அதே கூட்டம், அதே கம்ப்யூட்டர்கள். கொல்லையில் நெரிசல் வந்தது, வீடியோக்கள் திக்கித் திக்கி ஓடின. ஆனால் முன்வாசலில் கேள்வியும் பதிலும் நிற்கவில்லை. ஒரு டவர்கூடக் கழலவில்லை. அண்ணன் வேண்டுமென்றே ஒரு பெட்டியைக் கொன்றார். அது எழுந்து, அதே விலாசத்தில் உட்கார்ந்து, ‘இருக்கேன்’ என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கன்டெய்னர் எழுந்ததற்கு அழுத பெண் நானாகத்தான் இருப்பேன்.

காணொளியில் இருந்த வெளிநாட்டுப் பெண் வாசல்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். இப்போது இங்கிலீஷில், பிரெஞ்சு வாடையோடு கேட்டார்: கொலை என்று ஒரு வாசல் இருக்கிறதே, அது என்ன? அவர் வாயில் அது கொலையாகவே வந்தது. கொள்ளை போய்க் கொலை வந்ததும் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. ஒரு தடவை மொழிபெயர்த்துப் பட்டது போதும். நான் வீட்டைத்தான் சொன்னேன். தெருவில் ஒரு வாசல், சந்தில் ஒரு வாசல், விருந்தாளி எதில் வருவார், சிலிண்டர் எதில் வரும் என்று.

“போர்த் தெ செர்வீஸ்!” என்றார் அவர். இந்த ஊரில் பிறந்துவிட்டு அந்தப் பிரெஞ்சு புரியாமல் போகுமா? சாமான் வாசல். நல்ல பெயர்தான், ஒருவரும் பயப்பட மாட்டார்கள். மேலாளர் அதை உடனே பிடித்துக்கொண்டார்.

“அதையே வெச்சிடலாமே. டிசைன் ஓகே. இரண்டாவது வாசல் இருக்கட்டும். பேரை மட்டும் மாத்திடுங்க மேடம், இப்பவே அப்ரூவ் பண்ணிடறேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாசல் பிழைத்துவிடும், நானும் பிழைத்துவிடுவேன். அண்ணன்கூடக் கண்ணாலேயே கெஞ்சினார்.

“மாத்த மாட்டேன் சார்” என்றேன். “இந்த வாசல் எங்க கொல்லையப் பாத்து வந்தது. திருட்டு இல்லன்னு நீங்களே இப்பப் பாத்துட்டீங்க. பேருக்காக நிறுத்தணும்னா, பேருக்காகத்தான் நிறுத்தறேன்னு எழுதிக் குடுங்க. நான் அதுல கையெழுத்துப் போடறேன்.”

மேலாளர் சுண்டல் காகிதத்தை மடித்தார், இன்னும் மடித்தார். அப்படி எழுதிக் கொடுத்தால் அவர் பெயர்தான் கெடும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். திரையில் அந்தப் பெண் காத்திருந்தார். கடைசியில் மேலாளர் இங்கிலீஷில், பெயர் உள்ளூர் வழக்குச் சொல், ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தார். என்னைப் பார்க்காமலேயே படியிறங்கினார்.

சென்னை மாற்றல் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை, ரத்து என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.

போன மழைக்காலத்தில் அந்தப் பெண் பொறியாளரின் நாட்டில் பெரிய புயல். ஊர் மொத்தமும் போனும் கையுமாக இருந்த நேரம். அங்கே எங்கள் மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகு வந்த முதல் புயல் அது. எல்லோரும் கூட்டு அழைப்பில் காத்திருந்தோம். நிலைமை என்ன என்று சொல்ல வேண்டியது நான். மேலாளர் அழைப்பில் சேர்ந்தார், குரலில் பதற்றம்.

“லைன்ல இருக்கியாம்மா?”

அவர் என்னை மேடம் என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை.

“இருக்கேன் சார்.”

“அந்தக் கொள்ளை…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. “கொல்லை. கொல்லை தாங்குதா?”

“தாங்குது சார். டவர் ஒண்ணும் கழலல.”

“நீ எங்கருந்து பேசுற, சென்னையா?”

“இல்ல சார்” என்றேன். “இங்கதான் இருக்கேன்.”